படைப்புத் துறையில் ஆய்வு: மலையகத்திலிருந்து சில குறிப்புகள்

ஆய்வு என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு விடயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, ஏடும் பழம்பிரதியும் தேடி, பாடம் ஒப்பிட்டு எழுதுவது. மற்றது, நூறு பேரிடம் வினாக்கொத்துக் கொடுத்து நூற்றுவீதம் போடுவது. முதலாவதைத் தமிழ்த் துறையில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். இரண்டாவதை ஆசிரியத் தொழிலுக்கு வந்த எல்லோரும் ஏதோ ஒரு டிப்ளோமாவுக்காக ஒரு தடவையாவது செய்திருப்போம். ஆனால் சித்திரம் கீறுகிற பிள்ளை, பாய் பின்னுகிற பிள்ளை, கூத்து ஆடுகிற பிள்ளை, ஒரு பொருளை வடிவமைக்கிற பிள்ளை முதுமாணிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த இரண்டில் எந்த வாசலால் உள்ளே போவது?

இந்தக் கேள்வி என்னிடம் வந்தது இரண்டு பழைய மாணவிகள் மூலமாக. ஒருத்தி ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். கட்புலக் கலையில் பட்டம் முடித்திருக்கிறாள். மற்றவள் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவரின் மகள், வடிவமைப்புப் படித்தவள். கொழுந்து பறிக்கிற தன் தாய் தலையிலும் முதுகிலும் இடுப்பிலும் சுமக்கிறவற்றை ஆராய்ந்து, வலி குறைந்த ஒரு கொழுந்துப் பையைச் செய்து பார்க்க வேண்டும் என்பது முதலாமவளின் ஆசை. இரண்டாமவளின் உம்மும்மா கிழக்கு மாகாணத்திலிருந்து மலைநாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் கையோடு கொண்டுவந்த பன்பாய்களின் கோலங்களைப் படித்து, அந்தக் கணக்கிலிருந்து புதிய கோலங்களைப் பின்ன வேண்டும் என்பது அவளின் எண்ணம்.

இருவரின் முன்மொழிவும், வெவ்வேறு இடங்களிலிருந்து, ஏறத்தாழ ஒரே குறிப்போடு திரும்பி வந்தன: ஆக்கம் நல்லது, ஆய்வு எங்கே? ஐம்பது பேரிடமாவது வினாக்கொத்துக் கொடுங்கள். “எங்கம்மாகிட்ட போயி, கழுத்து எவ்வளவு வலிக்குது, ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுன்னு கேக்கவா டீச்சர்?” என்று கேட்டாள் முதலாமவள். சிரிப்பு வந்தாலும், அவள் அந்த முன்மொழிவையே கைவிட்டு வேறு வேலை தேடப் போவதாகச் சொன்னபோது சிரிக்க முடியவில்லை. வினாக்கொத்து கெட்டதல்ல. எத்தனை பேருக்கு என்று அறிய அது வேண்டும். எப்படி, ஏன் இப்படி, வேறு எப்படிச் செய்யலாம் என்று கேட்கிறவளுக்கு அது போதாது. அவளுக்காகத் தேடி வாசித்ததில் எனக்கு விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘படைப்பு வழியாக ஆய்வு’ என்பது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். மலைநாட்டின் வாசலிலே, பேராதனையிலே, அது அறுபது எழுபது வருடங்களுக்கு முன்பே நடந்திருக்கிறது. அந்தப் பெயர் மட்டும்தான் இருக்கவில்லை. எதிரிவீர சரச்சந்திர சிங்களக் கிராமியக் கூத்துகளைத் தேடித் திரிந்து அவற்றைப் பற்றி நூல் எழுதினார். ஜப்பானுக்குப் போய் நோ, கபுக்கி அரங்குகளைப் பார்த்தார். பிறகு நாடகம மரபு தெரிந்த குருன்னான்சே ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பல்கலைக்கழக மாணவர்களைப் பாடவும் ஆடவும் பழக்கி, 1956இல் ‘மனமே’யை மேடையேற்றினார். பழைய வடிவம் இன்றைய மேடையில் நிற்குமா என்பது அவருடைய கேள்வி. நூல் அந்தக் கேள்வியைக் கேட்டது. நாடகம் பதில் சொன்னது. நாடகம் இல்லாமல் நூலை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பதிலை யாராலும் எழுதியிருக்க முடியாது.

அதே பேராதனையில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்தார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சில மணித்தியாலத்துக்குள் சுருக்கினால் எதை விடலாம், எதை விடக்கூடாது? வட்டக்களரியில் நாலு பக்கமும் பார்வையாளர்கள் இருந்து பார்த்ததை ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்குக் கொண்டுவந்தால் ஆட்டம் என்னவாகும்? இவற்றுக்குப் புத்தகத்தில் விடை இல்லை. அண்ணாவியாரும் மாணவரும் ஆடி ஆடிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ எல்லாம் அப்படி வந்தவை. அந்தக் காலத்தில் மாணவராக அதற்குள் ஆடிய சி. மௌனகுரு, பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார். அந்த ஆய்வை வாசிக்கும்போது, தாளக்கட்டைக் காலால் அறிந்தவர் எழுதுகிறார் என்பது தெரியும். ஆகவே “இதில் ஆய்வு எங்கே?” என்று கேட்கும் மேற்பார்வையாளருக்கு இலண்டனைக் காட்ட முதல் பேராதனையைக் காட்டலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி இலண்டன். அங்குள்ள றோயல் கலைக் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்டபர் பிரேலிங் 1993இல் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். கலையிலும் வடிவமைப்பிலும் ஆய்வு என்று நாம் சொல்வது ஒன்றல்ல, மூன்று என்றார். ஹேர்பேர்ட் றீட் என்ற கல்வியியலாளர் கலைக் கல்வி பற்றிச் சொன்ன ஒரு வேறுபாட்டிலிருந்துதான் இதை அவர் எடுத்துக்கொண்டார். கலையைப் பற்றிய ஆய்வு என்பது வரலாறு, திறனாய்வு, அழகியல் கோட்பாடு. நம் தமிழ்த் துறைக்காரருக்குப் பழக்கமானது. கலை வழியான ஆய்வு என்பது செய்து பார்த்து அறிவது. செய்முறையைப் படிப்படியாகப் பதிந்து, என்ன மாறியது, ஏன் மாறியது என்று விளக்குவது. மூன்றாவது கலைக்கான ஆய்வு. அதில் சிந்தனை முழுவதும் இறுதிப் படைப்புக்குள்ளேயே உறைந்திருக்கும். வேறு விளக்கம் இருக்காது. இந்த மூன்றாவதற்குப் பட்டம் கொடுக்கலாமா என்பதில் பிரேலிங்குக்கே தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கம் நியாயமானதுதான். பட்டம் கேட்டால், கண்டதை மற்றவர் எடுத்துப் பாவிக்கக்கூடியதாகச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவது வகை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. லிண்டா கேண்டி என்ற ஆய்வாளர் இப்படிப் பிரிக்கிறார்: புதிய அறிவு, செய்த பொருளைப் பார்க்காமல் முழுமையாக விளங்காது என்றால் அது படைப்பை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு, பொருளையும் ஆய்வேட்டையும் சேர்த்துத்தான் கையளிக்க வேண்டும். செய்யும் முறையைப் பற்றிய அறிவுதான் பலன், அதை எழுத்திலேயே முழுக்கச் சொல்லலாம் என்றால் அது படைப்புச் செயலை வழியாகக் கொண்ட ஆய்வு. முன்மொழிவில் முதல் பக்கத்திலேயே, நான் இதில் எது என்று எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

செய்கிறபோது சிந்தனை எங்கே நடக்கிறது என்பதை விளக்கியவர் டொனால்ட் ஷொன். 1983இல் வந்த அவரின் நூலில் ஒரு கட்டடக்கலை மாணவி வருகிறாள். சரிவான நிலமொன்றில் ஆரம்பப் பாடசாலையொன்றை வரைய வேண்டும். கட்டடத்தின் உருவம் சரிவோடு பொருந்த மாட்டேன் என்கிறது. ஆசிரியர் அவள் படத்தின் மேலேயே கோடு போட்டுக்கொண்டு பேசுகிறார்: வகுப்பறைகளை இப்படி மடக்கிப் போட்டால் என்ன, அப்போது இந்த இடத்தில் என்ன கிடைக்கிறது என்று. ஒரு கோடு போட, நிலம் ஒரு பதில் சொல்கிறது. அந்தப் பதிலைக் கேட்டு அடுத்த கோடு. மலைச்சரிவிலே, மழைக்கு மண் இறங்குகிற பாடசாலைகளில் படிப்பித்த நம் ஆசிரியர்கள் இந்த அத்தியாயத்தை வாசித்தால் தங்கள் பாடசாலையைத்தான் சொல்கிறார் என்று நினைப்பார்கள். ஷொன் சொல்ல வருவது, அந்தக் கோடு போடுதலே ஒரு விசாரணை முறை என்பது. முதலில் யோசித்து முடித்துவிட்டுப் பிறகு கை வேலை செய்வதில்லை. கையும் யோசனையும் ஒன்றாகத்தான் போகின்றன.

சரி, கொழுந்துப் பைக்கு வருவோம். முன்பு பிரம்புக் கூடை. அதன் கயிறு தலையில் ஏறி நிற்கும். இப்போது பல தோட்டங்களில் நைலோன் சாக்கு. இடுப்பில் படங்கு, மழை நாளில் தலைக்கு மேலால் கொங்காணி. ஒரு நாளைக்கு 18, 20 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். இதில் இரண்டு தரப்பின் நலன் முட்டுகிறது. கொழுந்து நசுங்கினாலும், காற்றில்லாமல் அமுங்கிச் சூடேறினாலும் தேயிலையின் தரம் போய்விடும். ஆகவே தொழிற்சாலைக்கு வேண்டியது காற்றோடும் பை. பறிக்கிற பெண்ணுக்கு வேண்டியது கழுத்தை இழுக்காத பை. சரிவில் இறங்கும்போது பக்கம் சாயாத பை. கையைப் பின்னால் வீசினால் வாய் தானாகத் திறந்திருக்கிற பை. இதில் எத்தனை வீதமானோர் திருப்தியடைகிறார்கள் என்று கேட்டு என்ன பயன்?

அவளுக்கு நான் சொன்ன வழி இதுதான். முதல் மாதிரியைத் தைத்துவிடு, குறையுள்ளதாகவே இருக்கட்டும். அம்மா ஒரு காலை நேரம் அதைப் போட்டுக்கொண்டு மலையேறட்டும். அவர் கயிற்றை எங்கே அவிழ்த்து எங்கே மாற்றிக் கட்டுகிறார் என்று பார். அந்த மாற்றிக் கட்டுதல்தான் உன் தரவு. அவரிடம் கேட்டால் “பரவால்ல புள்ள, நல்லாத்தான் இருக்கு” என்றுதான் சொல்வார், தாய்மார் அப்படித்தான். கை பொய் சொல்லாது. அதைப் பார்த்து இரண்டாவது மாதிரி. பிறகு வேறு வயதுப் பெண்கள், வேறு மலை, மழைக்காலம், வெயில்காலம். ஒவ்வொரு மாதிரிக்கும் திகதி, படம், மாற்றம், காரணம் என்று குறிப்பேட்டில் எழுது. பிழைத்துப் போன மாதிரியை எறியாதே. எதனால் பிழைத்தது என்று காட்டுவதற்கு அதுதான் சாட்சி. கடைசியில் மேசையில் வரிசையாக எட்டுப் பைகள் இருந்தால், அந்த வரிசையே உன் வாதம்.

அப்படியென்றால் பை செய்து விற்கிற வியாபாரிக்கும் ஆய்வாளருக்கும் என்ன வித்தியாசம்? பிரித்தானியாவின் கலை, மானிடவியல் ஆய்வுச் சபை இதற்கு வைத்திருக்கும் அளவுகோல் எனக்குப் பிடிக்கும். படைப்பு எவ்வளவு அழகு என்று அது கேட்பதில்லை. தெளிவான கேள்வி இருக்கிறதா, அந்தக் கேள்வி ஏற்கெனவே நடந்த வேலைகளுக்கிடையில் எங்கே நிற்கிறது, இந்த முறையை ஏன் தெரிந்தாய் என்று கேட்கிறது. வியாபாரி இந்த மூன்றையும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, சொன்னால் நட்டம். ஆய்வாளர் சொல்லாவிட்டால் ஆய்வே இல்லை.

ஏற்கெனவே நடந்த வேலை என்று சொன்னேனே, அதைப் புத்தகம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பன்பாய்க் கோலம் பற்றி எத்தனை நூல் இருக்கப் போகிறது? ஆனால் பாய்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பாயும் ஒரு பிரதி. இத்தனை இழை எடுத்து இத்தனை இழை விட்டுப் பின்னுகிற கணக்கு அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது. அதை எண்ணிக் கட்டத்தாளில் போட்டால் இரண்டு பாய்களுக்கிடையே பாடபேதம் கூடக் காட்டலாம்! தமிழ்ப் படிப்பு இங்கேதான் எனக்கு உதவியது. பாயைப் பின்னியவர் யார், யாரிடம் பழகினார், அவர் யாரிடம் பழகினார் என்ற தொடரையும் எழுதி வைக்கச் சொன்னேன். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடருக்கு நம் முன்னோர் கொடுத்த கவனத்தை அறிந்த சமூகத்துக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. சொன்னவர் பெயரை விட்டுவிட்டு, கிராமத்து மூதாட்டி ஒருவர் கூறினார் என்று எழுதுகிற பழக்கம் நம் நாட்டாரியல் கட்டுரைகளில் இன்னும் இருக்கிறது. பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லாதவரை, அது பெரிய அநியாயம். மருதமுனையின் கைத்தறிக்கும் இதே கதைதான்: துணி கொழும்புக் கடைக்குப் போகிறது, நெய்தவரின் அறிவு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

ஒரு பொருளைப் படைப்பதன் மூலம் வேறு எந்த முறையாலும் எடுக்க முடியாத தரவை எடுக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனனின் ‘முழுமையற்ற தோம்பு’. 2011இல் நூலாக வெளிவந்தது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரால் வீடிழந்த தமிழ் பேசும் மக்களிடம், இழந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து கீறித் தரும்படி அவர் கேட்டார். அந்தக் கைக்கோட்டுப் படம் ஒன்று. அதையே கட்டடக்கலைஞர் அளவோடு வரைந்த படம் இன்னொன்று. அந்த வீட்டின் நினைவை ஓவியர் தன் கையால் வரைந்தது மூன்றாவது. ஒரே வீடு மூன்று மொழிகளில். ஞாபகத்தில் கிணறு வீட்டைவிடப் பெரிதாக இருந்தால், அந்தப் பெருப்பம்தான் செய்தி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களின் வீடுகளைப் பற்றி எவ்வளவோ புள்ளிவிபரம் சேர்ந்திருக்கிறது. புத்தளத்தில் பிறந்த பேரப்பிள்ளைகளில் யாராவது ஒருவர் மூத்தம்மாவிடம் பென்சிலைக் கொடுத்து “வீட்ட கீறுங்க உம்மும்மா” என்று கேட்டால், அந்தப் புள்ளிவிபரத்தில் இல்லாதது வரும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவுக்கும் இது பொருந்தும். அந்த இடத்துக்குள் எட்டுப் பேர் எங்கெங்கே படுக்கிறார்கள், படிக்கிற பிள்ளையின் புத்தகம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளையே கீறட்டும்.

வெளியுலகில் இதற்கு ஒரு தூரத்துச் சொந்தமும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் பில் கேவரும் நண்பர்களும் ஒஸ்லோ, அம்ஸ்ரடாம், இத்தாலியின் பெச்சோலி ஆகிய மூன்று இடங்களில் முதியவர்களுக்கு ஒரு பொதி கொடுத்தார்கள். உள்ளே தபாலட்டைகள், வரைபடங்கள், ஒரு மலிவான கெமரா. நேரம் கிடைக்கும்போது எழுதி, படம் பிடித்து அனுப்புங்கள் என்பதுதான் வேண்டுகோள். வந்ததைக் கூட்டிக் கழித்துச் சராசரி எடுக்கவில்லை. வடிவமைப்பாளரின் கற்பனையைத் தூண்டும் குறிப்பாகவே வைத்துக்கொண்டார்கள். பிரட்டுக்களத்தில் நின்று பேட்டி எடுத்தால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்த நமக்கு இது தோதான முறை.

பேட்டி என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. மலையகத்து மக்களைப் போல் படம் பிடிக்கப்பட்டவர்கள் இந்த நாட்டில் குறைவு. கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தேயிலை விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறது. ஆய்வாளர் வருகிறார், ஒலிப்பதிவு செய்கிறார், போகிறார். மாசி மாதக் காமன் கூத்தைப் பல பேர் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், ஆடியவர்களிடம் ஒரு பிரதி கூட இல்லை. தோட்டத்துக்குள் போகத் துரையின் அனுமதி வேண்டும்தான். ஆனால் துரை தந்த அனுமதி அந்தப் பெண் தந்த சம்மதமாகாது. இரண்டையும் வெவ்வேறாக வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் கணக்கப்பிள்ளையிடம் பேச்சு வாங்க நேராது என்று அவருக்கு நம்பிக்கை வர வேண்டும். அது இல்லாத இடத்தில் கையொப்பத்துக்குப் பெறுமதி இல்லை. நம் பெண்கள் விடயத்திலும் இப்படித்தான். முகம் படத்தில் வருவதை விரும்பாதவர் இருப்பார். பாய் பின்னுகிற ஆய்வுக்கு முகம் எதற்கு? விரல் போதும்.

உள்ளே பிறந்தவர் ஆராய்ந்தால் இந்தச் சிக்கல் முழுக்கத் தீர்ந்துவிடுமா? தீராது, வேறு சிக்கல் வரும். மடகொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) தன் மக்களின் பாடல்களைத் தானே தொகுத்தார். வெளியார் கேட்டால் வாய் திறக்காத பாட்டு அவரிடம் வந்திருக்கும். ஆனால் உள்ளே இருப்பவருக்குப் பழகிப்போனது கண்ணில் படாது. என் மாணவி முதல் வாரக் குறிப்பில் அட்டைக்கடியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கேட்டேன். “அது எப்பவும் உள்ளதுதானே டீச்சர்” என்றாள். எப்பவும் உள்ளதைத்தான் எழுத வேண்டும். அதனால் குறிப்பேட்டை வலது பக்கம், இடது பக்கம் என்று பிரித்துக்கொள்வது நல்லது: வலப்பக்கம் கண்டது, கேட்டது; இடப்பக்கம் நான் நினைத்தது, எனக்கு எரிச்சல் வந்தது, எனக்குத் தெரியும் என்று நான் விட்டது.

ஆய்வேட்டின் எழுத்துப் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் பிள்ளைகளுக்குப் பயம். பொருளை வர்ணிப்பதற்கு அல்ல அது. பொருள் அங்கேயே இருக்கிறது. எந்தக் கட்டத்தில் எந்த முடிவு, அதற்கு மாற்றாக எது இருந்தது, ஏன் அதை விட்டேன் என்பதுதான் அங்கே வர வேண்டும். நான் வாசித்த சில முதுமாணி வரைவுகளில் முதல் ஐம்பது பக்கம் கோட்பாட்டாளர் பெயர் அடுக்கு, பிறகு படங்கள், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஷொன்னின் பெயரைப் போடுவது ஷொன்னைப் பாவிப்பதாகாது.

கடைசியாகச் சொற்கள். மொறட்டுவையில் வடிவமைப்புப் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான். தமிழில் எழுதக்கூடிய இடங்களிலும் பரீட்சகர் மலையகத்தைச் சேர்ந்தவராக இருப்பார் என்றில்லை. பறிக்கும் மட்டம் சரியா என்று பார்க்கத் தேயிலைச் செடிமேல் வைக்கிற கோலுக்கு மட்டக்கம்பு என்று பெயர். அதை அளவுகோல் என்று மாற்றினால் பொருளே போய்விடும். அப்படியே விட்டால் பரீட்சகருக்கு விளங்காது. ஆகவே சொல்லை அப்படியே வைத்து, முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கமும், பக்கத்தில் அளவு போட்ட ஒரு கோட்டுப்படமும் கொடுக்கச் சொன்னேன். கொங்காணி, படங்கு, தலைக்கயிறு, பிரட்டு, நிறுவை என்று அவள் பட்டியல் இதுவரை நாற்பதைத் தாண்டிவிட்டது. பாய்க்காரியின் பட்டியல் அவ்வளவு நீளமில்லை. கோலங்களின் பெயர் தெரிந்த உம்மும்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். அதனால் பாயை மடியில் வைத்து, கோலத்தைத் தொட்டுக் காட்டித்தான் ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள்.